உப்புக் கோட்டையின் பதினொரு பெண்கள்

நாலு ஐம்பதுக்கு அலாரம் அடிக்கும். கிருஷ்ணராஜ் எழுந்து, விளக்கைப் போடாமல் படியிறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மோட்டார் சுவிட்சைத் தட்டுவான். சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற இருபது நிமிடம். அதற்குள் பல் விளக்கி, கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வந்து அடுப்பில் வைப்பான். முன்பு இரண்டு பாக்கெட். இப்போது ஒன்று. ஐந்து பத்துக்கு மறுபடி இறங்கி மோட்டாரை நிறுத்துவான். டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். ஒரு டம்ளர் காபி. இன்னொரு டம்ளர் அலமாரியில் கவிழ்ந்தபடி இருக்கும். குளியல், நேற்றைய சட்டையைத் துவைப்பது, உப்புமா. ஏழே முக்காலுக்குச் சைக்கிள். எட்டே காலுக்கு மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டிராயிங் செக்‌ஷன்.

வீட்டுக்காரம்மா ரங்கம்மா கீழ்வீட்டில் இருந்தாள். மாடியில் குடியிருப்பவர்தான் மோட்டார் போட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். உமா இருந்தவரை போடுவது உமா, நிறுத்துவது கிருஷ்ணராஜ் என்று வேலை பிரிந்திருந்தது. இந்த ஒன்றரை வருடமாக இரண்டும் அவன்தான்.

1999 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் ஃப்ளாப்பி ஒன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. விஜயநகரில் ஹேமந்த் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், செத்த ஃப்ளாப்பியையும் பேச வைப்பார் என்று யாரோ சொன்னார்கள். போனான். கடைக் கண்ணாடியில் கையால் எழுதிய ஒரு தாள், மேலே கன்னடத்தில், கீழே தமிழில் ஒட்டியிருந்தது.

“உப்புக் கோட்டை என்னும் சிடி விளையாட்டு யாரிடமாவது உண்டா? கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. உள்ளே வந்து சொல்லவும்.”

அதை அவன் இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தமும், உடனே ஒரு கிழவியின் குரலும் வந்தன.

“தோணியில இடமிருக்கு, தம்பி. உம்பட பொய்க்குத்தான் இடமில்ல.”

அது உமாவின் குரல். இருபத்தாறு வயது உமாவின் எழுபது வயதுக் குரல். செத்துப்போனவளின் குரல் கடைத்தெருவில் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.

மானிட்டர் முன்னால் முப்பது வயதுக்காரர் ஒருவர், அவர்தான் ஹேமந்த். பக்கத்து நாற்காலியில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மாள், மடியில் நீளமான பைண்டு நோட்டுடன்.

“நானூத்தி அம்பத்திரண்டு,” என்றாள் அந்த அம்மாள், எழுதிக்கொண்டே. “தோணிக் கிழவி. மணி இருக்கு. டிக்.” பிறகு நிமிர்ந்து, “யாருப்பா? டிஸ்க் கொண்டாந்திருக்கியா?”

“ஃப்ளாப்பி,” என்றான் கிருஷ்ணராஜ்.

“போச்சு போ. நான்கூட எட்டாவது டிஸ்க் வந்துடுத்துன்னு நெனைச்சேன்.”

ஹேமந்த் ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டார். வேலை நடக்கும்போதே விஷயத்தை அவரே சொன்னார். தமிழ்க் குடும்பம், ஆனால் பேச்சில் கன்னடமும் இங்கிலீஷும்தான் முந்திக்கொண்டு வந்தன. மைசூரிலேயே, சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடி அறையில், நீலாம்பரி மல்டிமீடியா என்று ஒரு கம்பெனி இருந்ததாம். தொண்ணூற்றைந்தில் ஒரே ஒரு விளையாட்டைப் போட்டு, மறு வருடம் மூடிவிட்டதாம். கடலோரத்தில் உப்பாலேயே கட்டிய ஒரு கோட்டை. மழை வரப் போகிறது. மழை வந்தால் கோட்டை கரையும். அதற்குள் உள்ளே இருக்கிறவர்களை வெளியே கொண்டுவர வேண்டும். வழி கேட்டால் சொல்ல அங்கே பதினொரு பெண்கள் உண்டு. சிலர் உண்மை சொல்வார்கள், சிலர் பொய்.

“யாருக்கும் ஞாபகம் இல்ல, சார். எங்களுக்கு மட்டும்தான். சேலத்துல ஒருத்தர், பெங்களூர்ல மூணு பேர், மலேசியாவுல கிளாங்க்ல ஒருத்தர். ஏழு டிஸ்க் சேத்துட்டோம். ஒவ்வொரு குரலா உருவி எடுத்து, கதையை எழுதி, எல்லாம் ஒரே சிடியில வைக்கப் போறோம். லீலா ஆன்ட்டிதான் ரைட்டிங்கு. எனக்குத் தமிழ் எழுத்து கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும்.”

“அறுநூத்திப் பதினோரு வசனம்,” என்றாள் லீலா. நோட்டின் பக்கங்கள் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தன. எண், யார், எந்த இடம், என்ன சொன்னாள், மணி உண்டா இல்லையா.

“மணின்னா?”

“அது ஒரு சூட்சுமம். சில வசனத்துக்கு முன்னால டிங்குன்னு ஒரு சத்தம் வரும். அறுபத்து மூணு எடத்துல. மணி அடிச்சா அவ உண்மை பேசறா. அடிக்கலேன்னா ஜாக்கிரதை. கம்பெனிக்காரன் ரகசியமா வச்ச குறிப்பு. நாங்க கண்டுபிடிச்சோம்.”

“பத்தொம்பது தடவை டெஸ்ட் பண்ணோம், சார்,” என்றார் ஹேமந்த். “பதினொண்ணு கரெக்ட்.”

“மீதி எட்டு?”

“அது இன்னும் ஸ்டடி பண்ணிட்டிருக்கோம்.”

கிருஷ்ணராஜ் நோட்டில் ‘குரல்’ என்ற தலைப்பைப் பார்த்தான். ராணிக்கு நேரே வைஷாலி என்று இருந்தது. மற்ற பத்துக்கும் நேரே ‘தெரியவில்லை’. பத்து தடவை தெரியவில்லை.

“எல்லாம் ஒருத்திதான்,” என்றான்.

“என்னது?”

“பதினொண்ணும் ஒருத்தி பேசினது. பேர் உமாதேவி.”

லீலா பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். “தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சுல ஹெட்போன் மாட்டிண்டு உக்காந்தவ. ஹலோன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். எந்த ஊர், என்ன வயசு, சாப்ட்டாச்சா இல்லையா, அத்தனையும் சொல்லிடுவேன். இந்தக் காதுகிட்ட வந்து சும்னே கதை விடாதே. தோணிக் கிழவிக்கு எழுபது வயசு. மேல் பல்லு ரெண்டு கிடையாது. கொல்லேகால் பக்கம்.”

“கொல்லேகால் பக்கம் சரி. ராமாபுரம். பல் எல்லாம் இருந்தது. கொட்டைப்பாக்கு ஒண்ணைக் கன்னத்துல அடக்கிட்டுப் பேசினா.”

“ஹௌதா, அப்படியா? அப்ப அந்தச் சின்னக் குட்டி? உப்பை நக்கிட்டே பேசுமே, ஆறு வயசு?”

“அதுவும்.”

“அடுத்து ராணியும்னு சொல்லுவே. இதோ பாரு.” சிடியின் அட்டையை நீட்டினாள். ‘குரல்: வைஷாலி மற்றும் குழுவினர்’ என்று பொன்னிறத்தில் அச்சாகியிருந்தது. “அச்சுல இருக்கறது பொய்யா?”

பொய்தான். வைஷாலி என்பது கம்பெனி முதலாளி வினயின் தங்கை. பேசப் போகிறவள் அவள் என்று அட்டை முதலிலேயே அச்சாகிவிட்டது. ஒலிப்பதிவு தொடங்கும் முன் கல்யாணமாகிப் புனாவுக்குப் போய்விட்டாள். உமா அந்த ஆபீசில் தமிழ் டைப்பிஸ்ட். வசனத்தை டைப் அடிக்கும்போதே ஒவ்வொருத்தியாகப் பேசிப் பேசி அடித்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வினய், “நீங்களே பேசிடுங்களேன்” என்றார். அட்டையை மாற்றவில்லை. கிருஷ்ணராஜ் கோபப்பட்டான். உமா கோபப்படவில்லை. “பேர் கிடக்குதுங்க. பதினோரு பேருக்கு வாய் இருக்குதில்ல?” என்றாள்.

இதில் பாதியைத்தான் சொன்னான். அவனுக்குப் பேச்சு நீளமாக வராது.

“நீ யாரு அவளுக்கு?” என்று கேட்டாள் லீலா.

“புருஷன்.”

“அவளையே கூட்டிண்டு வாயேன். என் எதிர்ல பேசிக் காட்டட்டும்.”

“இல்ல. செத்துட்டா.”

லீலா குரலை இறக்கினாள். இறக்கினாளே தவிர, விடவில்லை.

“மன்னிச்சுக்கோப்பா. ஆனா ரெக்கார்டுன்னா ரெக்கார்டு. வாய்ச்சொல்லுக்கு நான் எழுத முடியாது. கிளாங்க்காரர் தோணிக் கிழவி தன் அத்தைன்னு எழுதறார். சேலத்து சுப்பையா, ராணி ஒரு ரேடியோ நாடகக்காரின்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றார். எல்லாருக்கும் யாரோ ஒருத்தர் இருக்கா. ஆதாரம் வேணும்.”

“எப்ப வரைக்கும்?”

“நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை சிடி எழுதறோம், சார்,” என்றார் ஹேமந்த். “நாப்பது காப்பி. திங்கக்கிழமை தபால். எழுதினா எழுதினதுதான். அழிச்சு எழுத முடியாது.”

நாற்பது வட்டுகளில் ஒருத்தியின் பெயர் தப்பாகவும் பத்துப் பேருக்குப் பெயரே இல்லாமலும் இருக்கும். இனி யார் தேடினாலும் அதுதான் கிடைக்கும். கிருஷ்ணராஜுக்கு அது புரிந்தது.

“கேசட் இருக்கு,” என்றான்.

சொன்ன பிறகுதான், அதைச் சொல்லப்போவது தனக்கே தெரியாமல் இருந்ததை உணர்ந்தான். ஃப்ளாப்பியை வாங்கிக்கொள்ள மறந்து வீட்டுக்குப் போனான்.

*

கேசட்டுகள் பீரோவின் மேல் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. கம்பெனியை மூடும்போது வினய் அந்த டின்னில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. ஒன்பது கேசட். ஒவ்வொன்றிலும் உமாவின் கையெழுத்து. ‘3 ஏ: சமையல்காரி, குட்டி, தோணி.’ ‘6 பி: மருத்துவச்சி (மூக்கால்).’ ‘9 பி: ராணி, மழை.’

டின்னைத் திறந்தான். மூடினான். வீட்டு டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்னும். அதில் போடக் கூடாது என்று முடிவு செய்தான். அது உண்மைதான். உண்மைதான் என்பதில் அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

பதிவு நடந்த நாட்களில், இரண்டு கட்டில் மெத்தைகளையும் நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து, மேலே ஜமுக்காளத்தைப் போட்டால் அதுதான் ஸ்டுடியோ. தெருவில் ஸ்கூட்டர்கள் கிளம்பும் முன், விடிகாலை ஐந்திலிருந்து ஆறரை வரை பேசுவாள். உள்ளே உமா சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள், மடியில் வசனத்தாள். எதிரே அவன், டேப் ரெக்கார்டரும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாக. கம்ப்யூட்டரில் வெட்டி எடுப்பவனுக்கு வசனம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். சினிமாவில் பலகை அடிப்பார்கள். இவர்களிடம் பலகை ஏது? டம்ளரைக் கவிழ்த்து வைத்து, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. உடனே உமா பேசுவாள்.

டிங்.

கிருஷ்ணராஜ் பீரோவுக்கு முன்னால் நின்றபடியே இருந்தான். வெட்டுகிறவன் அவசரத்தில் அறுபத்து மூன்று இடத்தில் டம்ளரையும் சேர்த்தே விட்டிருக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் அவனும் உமாவும் அந்த விளையாட்டை ஆடிப் பார்த்ததே இல்லை. சேலத்திலும் கிளாங்கிலும் பெங்களூரிலும், நாலு வருடமாக, ஆட்கள் அவன் டம்ளரைத் தட்டியதைக் கேட்டு, இவள் உண்மை பேசுகிறாள், நம்பலாம் என்று கோட்டைக் கதவுகளைத் திறந்திருக்கிறார்கள்.

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பில்லை, மூக்கால் ஒரு மூச்சு. ஆனாலும் அந்த வீட்டில் அது கேட்டு நாளாயிற்று.

அந்த வாரம் கமலம்மாள் வந்துவிட்டுப் போனாள். உமாவின் அம்மா. மாதம் ஒரு முறை ராமாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கொள்ளும் நிலக்கடலையும் வைத்துவிட்டு, ரங்கம்மாவிடம் அரை மணி நேரம் அழுதுவிட்டுப் போவாள். “கடைசியாக் கண்ணு தொறந்து, அம்மா, அவரப் பாத்துக்கோங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் போச்சு எம்பட புள்ள.” கமலம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது, உமாவைச் சேர்த்த மறுநாள். அதற்கு முன்பே, ஆட்டோவில் போகும்போதே, உமாவுக்கு நினைவு போய்விட்டது. அதன் பிறகு அவள் யாரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை. கிருஷ்ணராஜ் அதைத் திருத்தியதில்லை. பெற்றவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டியிருக்கிறது.

இந்த முறை மட்டும் கேட்டான். “அத்தை, உமா சின்ன வயசுல இருந்தே குரல் மாத்திப் பேசுவாளா?”

“அதை ஏன் கேக்கறீங்க மாப்ள. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா குரல்லயே ஒருநாள் மத்தியானமே பெல்லு அடிக்கச் சொல்லிப்போட்டா. ஊரு புள்ளைங்க அத்தனையும் வீட்டுக்கு வந்துருச்சு.” கமலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “அடி வாங்கினது எம்பட கையிலதான்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஹேமந்த், லீலா, சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சுப்பையா. தறிப் பட்டறைக்காரர். தன் டிஸ்க்கை ஈரிழைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல் மடியில் வைத்திருந்தார்.

“ஏனுங் தம்பி, நீங்கதான் பதினோரு பொண்டாட்டிக்காரரா?” என்றார் கிருஷ்ணராஜைப் பார்த்து.

“சுப்பையா, வாயை மூடும்,” என்றாள் லீலா.

“இருக்கட்டும்,” என்றான் கிருஷ்ணராஜ். அவனுக்குக் கோபம் வரவில்லை. டின்னைத் திறந்து மூன்றாம் கேசட்டை எடுத்துக் கொடுத்தான்.

ஹேமந்த் ஒரு நல்ல கேசட் டெக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து வயர் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. டெக்கின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்து, கேசட்டைச் செருகி, பட்டனை அழுத்தினார். முதலில் வெறும் சீறல். தூரத்தில் ஒரு ரயில். பிறகு ஓர் உறுமல், அறை முழுவதும் நிறைந்த உறுமல்.

“என்ன சார் இது, நாய்ஸு?”

அந்த உறுமலுக்குள்ளிருந்து, எந்த வேஷமும் இல்லாமல், தூக்கக் கலக்கம் இன்னும் போகாத ஒரு குரல் வந்தது. “ஏனுங்க, மோட்டாரை நிறுத்திப்போட்டு வாங்க. இந்தச் சத்தத்துல எந்தக் கிழவி தோணி ஓட்டுவா?”

காலடிகள் படியிறங்கின. உறுமல் நின்றது. காலடிகள் ஏறின. “ம். தட்டுங்க.”

டிங்.

“தோணியில இடமிருக்கு, தம்பி. உம்பட பொய்க்குத்தான் இடமில்ல.”

ஹேமந்த் மெல்லத் திரும்பினார். “சார். அந்த மணி…”

“டம்ளர்.”

“டம்ளரா?”

“காபி டம்ளர்.”

“அறுபத்து மூணும்?”

“எல்லாத்துக்கும் தட்டினேன். அறுபத்து மூணு வெட்டாம விட்டிருக்காங்க.”

ஹேமந்த் தலையில் கை வைத்துக்கொண்டார். சுப்பையா தொடையைத் தட்டிச் சிரித்தார். “காபி டம்ளரை நம்பி நான் சமையல்காரி பின்னால மூணு மாசம் சுத்துனேனுங்! அடக் கடவுளே!”

லீலா சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரி. டேப்பை நிறுத்தி நிறுத்திப் பதிவு பண்ணியிருக்கேள். இடையில வேற பொம்பளை வந்து பேசியிருக்கலாமே? எனக்கு நிறுத்தாம வேணும்.”

“கொஞ்சம் ஓட விடுங்க,” என்றான்.

அந்தப் பக்கத்தின் கடைசியில் அது இருந்தது. சமையலறைக் காட்சி. சிறுமி உப்பைத் திருடித் தின்றுவிட, சமையல்காரி கத்த, சிறுமி அழ, கிழவி நடுவில் புகுந்து சமாதானம் செய்யும் இடம். தனித்தனியாகப் பதிந்தால் சண்டைக்கு உயிர் வராது என்று உமா அன்று ஒரே மூச்சில் பேசினாள். ஒரு டிங். அதற்குப் பிறகு நிறுத்தமே இல்லை. சமையல்காரியின் கட்டைத் தொண்டை முடிவதற்குள் குழந்தையின் விசும்பல். விசும்பலின் வாலைப் பிடித்துக்கொண்டே கிழவியின் பொக்கைவாய்ச் சிரிப்பு. மூன்று பேரும் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி விழுந்தார்கள். எழுபது வயதிலிருந்து ஆறு வயதுக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கும் இடம்கூட இல்லை. கடைசியில் கிழவி சிரித்தாள், அந்தச் சிரிப்பு அப்படியே இளசாகி, உமாவின் சிரிப்பானது. “ஐயோ, பாக்கை முழுங்கிட்டனுங்க,” என்றாள். இருமல். யாரோ முதுகைத் தட்டும் சத்தம். அந்தக் கை அவனுடையது.

“திரும்பப் போடு,” என்றாள் லீலா.

போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனைப் பிடித்துக்கொள்வதுபோல் வலது காதின் மேல் கையை வைத்துக் கேட்டாள்.

“இன்னொரு தரம்.”

மூன்றாம் முறை முடிந்தபோது நோட்டைத் திறந்தாள். ஸ்கேல் வைத்து, ‘தெரியவில்லை’ என்றிருந்த பத்தையும் ஒவ்வொன்றாக அடித்தாள். வைஷாலியையும் அடித்தாள். அடித்துவிட்டு எழுந்து நின்றாள்.

“ஒரு பிரதம மந்திரி ஆபீஸ் காலை நான் கனெக்ட் பண்ணியிருக்கேன். பேர் மாத்திப் பேசின கள்ளக் கடத்தல்காரனைக் குரலை வச்சே பிடிச்சுக் கொடுத்திருக்கேன். முப்பத்தோரு வருஷத்துல இந்தக் காதை ஏமாத்தினவா ஒருத்தர் கிடையாது.” கிருஷ்ணராஜைப் பார்த்தாள். “உன் பொண்டாட்டி பதினோரு தரம் ஏமாத்திட்டாளேப்பா.”

ஒன்றரை வருடமாக அவனிடம் வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பாவம் என்றார்கள். சின்ன வயசு என்றார்கள். விதி என்றார்கள். அவள் கெட்டிக்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை. இறந்துபோனவளைப் பற்றி அப்படிப் பேசலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. இந்த அம்மாள் தோற்றுப்போனவளாக நின்று, வாய்விட்டுச் சொல்கிறாள். கிருஷ்ணராஜின் முதுகு தானாக நிமிர்ந்தது. பெருமையாக இருந்தது. அதற்கு வேறு சொல் அவனிடம் இல்லை.

“ஆமாம்,” என்றான். “அவ அப்படித்தான்.”

“உக்காருங் அம்மா, உக்காருங்,” என்றார் சுப்பையா. “ராணியும் அந்தப் புள்ளதான்னா அந்த மழை வசனம் இருக்குதுங்களா இவருகிட்ட? அதைக் கேளுங்க முதல்ல.”

அதை அவர்கள் அவனிடம் சொல்லியிருக்கவே இல்லை. கதையின் கடைசிக் காட்சியில் முதல் மழைத்துளி விழும். ராணி திரும்பி ஏதோ சொல்வாள். வாய் அசையும், சத்தம் வராது. ஏழு டிஸ்க்கிலும் அந்த ஒரு கோப்பு காலி. மூலத்திலேயே பழுது. ஓடிப் போ என்கிறாள் என்பது ஹேமந்தின் கட்சி. நான் வரமாட்டேன் என்கிறாள் என்பது சுப்பையாவின் கட்சி. நாலு வருடமாகக் கடிதம் எழுதிச் சண்டை போட்டிருந்தார்கள்.

“ஒன்பது பி,” என்றான் கிருஷ்ணராஜ்.

அவனுக்கும் அந்த வசனம் ஞாபகம் இல்லை. அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மணிக்கட்டைப் பார்த்தபடியே டம்ளரைத் தட்டியது மட்டும் ஞாபகம் இருந்தது.

டிங். “கதவை…” பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் உதைபட்டு இருமியது. “நாசமாப் போக, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னுகூடத் தெரியாதா அந்தாளுக்கு?” என்றாள் ராணி, உமாவின் குரலில். “இன்னிக்கு ஞாயிறு இல்ல, உமா,” என்றது ஒரு ஆண்குரல். “அப்பச் சரி, மன்னிச்சாச்சு. தட்டுங்க.”

டிங்.

நீண்ட மௌனம். அவ்வளவு நீளமாக இருந்ததால் ஹேமந்த் டெக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு ராணி பேசினாள். குரல் உயரவில்லை. பயமில்லை. வீட்டுக்கு விருந்தாளி வருவதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“கதவையெல்லாம் திறந்து வை. மழைக்கும் ஒரு வழி வேணும்.”

சுப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு பேரும் தோத்துட்டம் போங்க,” என்றார் ஹேமந்திடம். பிறகு, “பரவால்லைங்க. இதுக்குத் தோக்கலாம்.”

லீலா எழுதினாள். அறுநூற்றிப் பன்னிரண்டு. ராணி. மழை. மணி உண்டு. அந்த ‘மணி’யை அடித்து ‘டம்ளர்’ என்று மாற்றினாள். பிறகு பின்பக்கம் திருப்பி, பெயர்ப் பட்டியலுக்காக விட்டிருந்த தாளில் எழுதி, அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

‘குரல்: உமாதேவி. ராமாபுரம், மைசூர். எல்லாப் பாத்திரங்களும்.’

அதற்குக் கீழே, ‘டம்ளர்: கிருஷ்ணராஜ்.’

“இது வேண்டாமே,” என்றான்.

“ரெக்கார்டுன்னா ரெக்கார்டு,” என்றாள் லீலா. “நாலு வருஷம் எங்களைக் கிறுக்குப் பிடிக்க வச்சது நீ. தப்பிச்சுப் போகலாம்னு பாக்காதே.”

மத்தியானம் வரை ஒன்பது கேசட்டும் ஓடின. சுப்பையா பக்கத்து மெஸ்ஸிலிருந்து தயிர்சாதம் வாங்கி வந்தார். சிடி எழுதும் பெட்டியில் முதல் வட்டைப் போடும் முன் ஹேமந்த் நிறுத்தினார்.

“சார், ஒண்ணு குறையுது. பதினோரு பேர் குரலும் இருக்கு. அவங்க குரல் இல்லையே. கேக்கறவங்களுக்கு, இதெல்லாம் பேசினது யாருன்னு அவங்க சொந்தக் குரல்ல ஒண்ணு, கடைசியா வைக்கலாமா?”

தேடினார்கள். கேசட்டுகளில் உமா உமாவாகப் பேசிய இடங்கள் கொஞ்சம்தான். பாக்கை விழுங்கியது. ஸ்கூட்டர்காரனைத் திட்டியது. மற்றதெல்லாம் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வரும் ஒரே பேச்சு, ஒன்பது கேசட்டிலும் சற்றே மாறி மாறி.

“அதையே வைங்க,” என்றான் கிருஷ்ணராஜ்.

“மோட்டாரையா?” என்றார் சுப்பையா.

“அதைத்தான் அதிகமாச் சொன்னா.”

லீலா பேனாவைத் திறந்தாள். அறுநூற்றிப் பதின்மூன்று. ‘யார்’ என்ற இடத்தில் உமாதேவி என்று எழுதினாள். வசனத்துக்கு வந்ததும், “டேப்பைப் போடு, கேட்டு எழுதறேன்” என்றாள் ஹேமந்திடம். அதற்கு அவசியம் இருக்கவில்லை. கிருஷ்ணராஜ் தானே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள்.

முதல் வட்டு எழுதி முடிந்து வெளியே வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஹேமந்த் அதை அவன் கையில் கொடுத்தார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அன்றும் விடிகாலைதான். தொண்ணூற்றேழு ஜூலை. மூன்று நாள் காய்ச்சலோடு, யார் சொல்லியும் கேட்காமல், அவள்தான் எழுந்து போய் சுவிட்சைத் தட்டினாள். திரும்பி வரும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரங்கம்மா ஆட்டோ கூட்டி வந்தாள். உமாவைத் தூக்கி அதில் உட்கார வைத்து, கதவைப் பூட்டிவிட்டு, அவனும் ஏறப் போனான். ரங்கம்மாவின் தோளில் சாய்ந்திருந்த உமா கண்ணைத் திறந்தாள். அவனை அடையாளம் தெரிந்தது. குரல் சன்னமாக இருந்தாலும் சொன்னது தெளிவாகவே கேட்டது.

“ஏனுங்க, மோட்டார் ஓடிட்டுக் கெடக்குது. நிறுத்திப்போட்டு வாங்க.”